சொடக்கு எடுக்கக் கூடாத பரீட்சை

அயோவா
மே மாதத்துக் கடைசி ஞாயிறு

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், நாய் நலம், தோட்டத்து ருபார்ப் செடி நலம், உன் அப்பா வலது மணிக்கட்டைத் தவிர்த்து நலம். நீயும் உன் படகும் அதில் இருக்கிற ஆட்களும், நீங்கள் பிடிக்கிற மீன்களைத் தவிர அந்தக் கடலில் உள்ள மற்ற ஜீவன்களும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை ஜெபத்தில் கேட்டுக்கொண்டேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. கேப்டனிடம் பேசிவிட்டதாகவும், ஜூன் கடைசியில் படகு அலாஸ்காவின் கோடியாக் துறைமுகத்துக்குத் திரும்பியதும் சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும், மூட்டை கட்டிக்கொண்டு வந்து அப்பாவின் முதுகெலும்பு கிளினிக்கை நீயே நடத்தப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில்தான் இது. நீ கடலில் இருக்கும்போது உன் போனும் ஒன்று செங்கல்லும் ஒன்று, அதனால் துறைமுகத் தபாலாபீசுக்கு எழுதுகிறேன். கரையில் கால் வைத்ததும் முதலில் இதைப் படி, முழுதாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு விமான டிக்கெட் வாங்க ஓடாதே. நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் தகுதி எனக்கு வந்ததா என்றால் அது கொஞ்சம் மானம் போன கதை.

முதலில் மணிக்கட்டு. பனியில் வழுக்கி விழுந்ததாக உன்னிடம் சொல்லியிருப்பார், நம்பாதே. பனி உருகி, பக்கத்து வயலில் மார்ச் மாதத்துச் சேறு தெரிந்த பிறகும் நம் வீட்டுக் கூரையில் கிறிஸ்துமஸ் விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் உன் அப்பாவைப் பார்த்து, வெர்லினுக்கு இந்த வருஷம் இயேசு லேட்டாகப் பிறப்பார் போலிருக்கிறது என்று கிண்டல் செய்ததும் ரோஷம் வந்து ஏணியில் ஏறினார். இறங்குங்க, வேற யாரையாவது கூப்பிடறேன் என்று நான் கீழே நின்று கத்தினேன். "நாப்பது வருஷமா அடுத்தவன் முதுகை நிமித்தி விடறேன், எனக்கு ஒரு ஏணியில நிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போது தரையில் இருந்தார். எலும்பு டாக்டர் தகடு வைத்துத் திருகாணி போட்டு, இந்தக் கையால் பேனா பிடிக்கலாம், முள்கரண்டி பிடிக்கலாம், இனி ஒரு மனிதனின் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கூடத்தில் டிவியைப் போடாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் உள்ள ஒரு கை இல்லாமல் கிளினிக் கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். வாடகைக்கு வேலை செய்ய வருகிற இளம் டாக்டர்களுக்கு இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே போன் சிக்னல் போய்விடுகிறது. அப்புறம் எல்லோர் வாயிலும் உன் பெயர்தான். தேவாலயத்துக் காபி மேசையில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள், "முழு டாக்டர் லைசென்ஸை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு அங்க மீன் வறுத்துக்கிட்டு இருக்காம்." நீ மீன் வறுக்கிறாய், இவள் காபிக்குத் தண்ணீர் வறுக்கிறாள், அதை நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். உன் அப்பா மறுநாளே மாடியில் உன் பழைய அறைக்குப் போய் ஒற்றைக் கையால் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்.

அதைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம், அதில் சந்தேகம் வேண்டாம், தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலை உணவு சாப்பிடுவேன். ஆனால் அது எந்த முகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி முடித்த கையோடு ஒரு வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றாயே, அந்த முகம். அது எனக்கு வேண்டாம். ஆகவே நானே திரும்பவும் லைசென்ஸ் வாங்குவது என்று போர்டுக்கு எழுதிப் போட்டேன். நானும் உன் அப்பாவோடு அதே கல்லூரியில் அதே வகுப்பில் படித்தவள், அவரைவிட மார்க் அதிகம், இதை இந்த வீட்டில் யாரும் மறக்க நான் விட்டதில்லை. முன்பக்க மேசை, கணக்கு, உன் பள்ளிக்கூடம், இவருடைய சாப்பாடு என்று ஆகி நீ மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது என் லைசென்ஸ் காலாவதியானது, நானும் அழவில்லை. போர்டு பதில் போட்டது. இவ்வளவு காலம் விட்டவர்கள் முதலில் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை, பிறகு கையால் ஒரு பரீட்சை, இரண்டிலும் தேற வேண்டுமாம். உன் அப்பாவிடம் சொன்னேன். பெயின்ட் பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே, "ஒனக்கு எதுக்கு மார்லிஸ் இந்த வயசுல, அதான் பிரிட்டா வர்றாளே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவருக்கு சூப்பில் உப்புப் போடவில்லை.

கம்ப்யூட்டர் பரீட்சை ஒரு கடைவீதியில், நகம் அழகுபடுத்தும் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில். பரீட்சைக்குப் போகிறவளா ஜெயிலுக்குப் போகிறவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் இருந்த பெண் என் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். ஒரு இருமல் மிட்டாய் விழுந்தது. "இதை உள்ள விட முடியாது மேடம்." இதுல என்ன விடையை எழுதி வச்சிருப்பேன்னு நினைக்கற என்று கேட்டேன். "உறையில எழுதலாம்ல மேடம்" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லை. உள்ளே போனால் கேள்வி எல்லாம் ஒரே அச்சு. இத்தனை வயதுள்ள ஒரு மனிதர், இடுப்பு வலி, சிகரெட் பழக்கம் உண்டு, ராத்திரியிலும் வலிக்கிறது, அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாலும் பாதி சரி. எங்கள் காலத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடைதான், கழுத்தின் முதல் எலும்பைச் சரிசெய். காது கேட்கவில்லையா, கழுத்து. வயிறு சரியில்லையா, கழுத்து. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா, அதற்கும் கழுத்து. இப்போது எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை, வேறு டாக்டரிடம் அனுப்பு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். ஒழுக்கத்தைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. நோயாளி நன்றியோடு ஆப்பிள் பை செய்துகொண்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாமா என்கிற மாதிரி கேட்டிருந்தார்கள். கூடாது என்பதைத் தட்டினேன். நம் வீட்டில் நீ வளர்ந்ததே அந்தப் பைகளைத் தின்றுதான், அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தேறிவிட்டேன். நல்ல மார்க். வீட்டுக் கம்ப்யூட்டரில் மார்க் வந்ததும் அதை உன் அப்பாவுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கும் நம்பிக்கை வந்தது, பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு எனக்கு வாத்தியார் ஆனார். செய்முறைத் தேர்வு உனக்குத் தெரியாததில்லை, நீ எழுதித் தேறியவள், ஆனால் எங்கள் காலத்தில் அது இப்படி இல்லை. இப்போது நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்த ஆளைச் சரியாகப் படுக்க வைக்க வேண்டும், கையைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும், எலும்பு இனிமேல் நகராது என்கிற விளிம்பு வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அங்கே நிறுத்திவிட்டு, இப்போது தள்ளுவேன் என்று சொல்லி, தள்ளாமல் கையை எடுத்துவிட வேண்டும். சொடக்கு மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அதோடு வெளியே. வாய்க்குப் பக்கத்தில் கரண்டியைக் கொண்டுபோய்விட்டுத் திருப்பிச் சட்டியில் கொட்டுகிற மாதிரி. நம் தொழில் ஆட்களிடம் போய் இதைச் சொன்னால்? நம் கல்யாணங்களில் கேக் மேசைக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் எல்லாம் வரிசையில் நின்று முதுகில் சொடக்கு எடுத்துக்கொள்கிற கூட்டம் நாம். கை குலுக்கும்போதே தோளைத் தடவிப் பார்க்கிறவர்கள். எனக்கு லைசென்ஸ் போனதே தவிர கை சும்மா இருந்ததில்லை, உன் அப்பாவின் கழுத்தை இத்தனை வருஷமும் சனிக்கிழமை தோறும் எடுத்து விட்டது யார்? புருஷன் கழுத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது என் கட்சி, போர்டுக்கு எழுதிக் கேட்கவில்லை.

தினம் சாப்பாட்டுக்கு முன்னால் பயிற்சி. உன் அப்பா கூடத்துக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, அடுப்படியில் முட்டை வேக வைக்கிற கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நிறுத்து! விளிம்புல நிறுத்து! கையை எடு!" என்று தலையணைக்குள் கத்துவார். நான் எடுத்துவிடுவேன். மூன்றாவது வாரத்தில் அந்த மனிதருக்கே பொறுக்கவில்லை. தினமும் விளிம்புவரை கொண்டுபோய் விட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "சரி, யாரும் பாக்கல, ஒண்ணே ஒண்ணு எடுத்து விடேன்" என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்றேன். பன்றிப்பண்ணை எல்ராயை உனக்கு ஞாபகம் இருக்கும், அவரையும் ஒரு நாள் கட்டிலில் படுக்க வைத்தோம். கையை வைத்து, விளிம்புக்குப் போய், எடுத்துவிட்டேன். எல்ராய் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தலையைத் தூக்கி, "ஏன் டாக்டரம்மா, கரன்ட் போயிடுச்சா?" என்றார். பாவம், முதுகு வலியோடு வந்தவர் முதுகு வலியோடும் நம் தோட்டத்து ருபார்ப் கட்டோடும் திரும்பிப் போனார். ஆனால் அவரிடமே நிறுத்த முடிந்ததால் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. என் கை என் பேச்சைக் கேட்கும் என்று நம்பிவிட்டேன்.

பரீட்சை டேவன்போர்ட்டில். நான்தான் டிரக்கை ஓட்டினேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க எலும்புகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தார், சிவப்பு விளக்கில் நின்றால்கூட விடவில்லை. தாழ்வாரத்தில் என்னோடு நின்ற பிள்ளைகள் எல்லாம் உன்னைவிடச் சின்னவர்கள், விறைப்பாக இஸ்திரி போட்ட கோட்டு, முகத்தில் ரத்தமே இல்லை. ஒருத்தி என்னைத் தேர்வாளர் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள், நானும் அவள் நல்ல மனதைக் கெடுப்பானேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு நோயாளி, மூலையில் ஒரு தேர்வாளர், மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே, அடுத்த கதவு. மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கொடுப்பார்கள். முதல் கதவில் எக்ஸ்ரே, விலா எலும்பில் விரிசல், கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த கதவில் ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றேன், அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதற்கடுத்து இடுப்பு. கையை வைத்தேன், விளிம்புக்குப் போனேன், இப்போது தள்ளுவேன் என்றேன், எடுத்தேன். தேவதை மாதிரி எடுத்தேன், பிரிட்டா. என் மனதுக்குள் கிளினிக் பலகையில் என் பெயரே வந்துவிட்டது.

பிறகு கழுத்துக் கதவு. அறுபதை ஒட்டிய ஒரு பெண்மணி, சீட்டில் மிஸஸ் கிரீன் என்று போட்டிருந்தது. உள்ளூர் நாடகக் குழுவில் நடிக்கிறவராக இருக்க வேண்டும், கழுத்து வலி என்று அவர் சொன்ன விதத்தில் பால்கனி வரைக்கும் கேட்டிருக்கும். படுக்க வைத்தேன், கையை வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது, இது நடிப்பில்லை. இடது பக்கம் இரண்டாவது எலும்பு துருப்பிடித்த கேட்டு மாதிரி இருந்தது. மேலே அவர் வாய் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, கீழே கழுத்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொன்னேன். விளிம்புக்குப் போனேன். இப்போது என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் புண்ணியவதி வசனத்தில் இல்லாத ஒரு பெருமூச்சு விட்டார். மூச்சு இறங்கியதும் கழுத்து தன்னால் கைக்குள் வந்தது, தள்ளுவேன் என்று என் வாய் சொல்லி முடிப்பதற்குள் கை தள்ளி முடித்துவிட்டது. காரட்டை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. மூலையில் இருந்த தேர்வாளர், கழுத்தில் பூப்போட்ட போ டை கட்டிய ஒரு இளைஞர், பேனாவைத் தூக்கிய இடத்திலேயே வைத்திருந்தார். நான் என் கையைப் பார்த்தேன். மிஸஸ் கிரீன் கண்ணைத் திறந்து, மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பி, "ஐயோ, இது திரும்புதே" என்றார். அப்புறம், "அந்தப் பக்கமும் ஒண்ணு பண்ணிடுங்களேன், வந்ததுதான் வந்தீங்க." தேர்வாளர் எழுந்துவிட்டார். "மேடம், தயவுசெஞ்சு கையை எடுங்க" என்றார். அப்போதுதான் கவனித்தேன், என் கை அந்தப் பக்கத்துக்கே போயிருந்தது.

தலைமைத் தேர்வாளரின் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். மிஸஸ் கிரீன் எனக்காக வாதாட வந்தார், கதவில் நின்று கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், அது என்னை இன்னும் நன்றாக மாட்டிவிட்டது. தலைமைத் தேர்வாளர் பெண்மணிதான், என் வயது இருக்கும், கடுமையாகப் பேசவில்லை. "உங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது. எலும்பு தேஞ்சவங்களா இருந்தா? ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா? அவங்க கழுத்தை வாடகைக்குக் கொடுக்கல, நடிக்க வந்திருக்காங்க" என்றார். சொல்லக் கசக்கிறது, ஆனால் அவர் சொன்னது சரி. அந்த விதியை நான் ஒரு மாதமாக வீட்டில் கேலி செய்துகொண்டிருந்தேன், அது என் மாதிரி ஆட்களுக்காகவே போட்ட விதி. தோல்வி. மற்ற எல்லாக் கதவிலும் தேறியிருந்தாலும் தோல்விதான். மறுபடி நவம்பரில் வரலாம்.

வெளியே டிரக்கில் உன் அப்பா காத்திருந்தார். என்ன ஆச்சு என்றார், சொடக்கு எடுத்துட்டேன் என்றேன். எந்த எலும்பு என்றார். கழுத்துல ரெண்டாவது, இடது பக்கம். சத்தம் வந்ததா என்றார். ஹால் வரைக்கும் வந்தது என்றேன். அந்த மனிதர் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து சிரிக்காதவர், அன்றைக்கு டிரக்கே ஆடுகிற மாதிரி சிரித்தார், கட்டுப் போட்ட கையை வண்டிக் கதவில் இடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று கத்திவிட்டு அப்புறமும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, ஏனென்றால் இப்போது நீதான் வந்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆற்றங்கரைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டைவிடப் பெரிதாக அந்தப் பன்றியிறைச்சி சாண்ட்விச் வந்தது, அவர் இடது கையால் அதைப் பிடிக்கத் தெரியாமல் பாதியைச் சட்டையில் போட்டுக்கொண்டார். நான் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஆற்றில் சரக்குப் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, "பிரிட்டா இந்தப் பரீட்சையில முழு மார்க் வாங்கினா, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது, ஊர் முழுக்க அவர்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். "எனக்கு அப்ப பெருமையா இருந்துச்சு. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தறாளே, என்ன கட்டுப்பாடுன்னு. கட்டுப்பாடு இல்ல மார்லிஸ். ஒன் கையை ஒன்னாலயே புடிச்சு வைக்க முடியல. அவ கை தானா நிக்கும். அவளுக்குத் தள்ளணும்னே தோணல." அதற்குப் பிறகு சாண்ட்விச்சை அவர் தொடவில்லை.

உனக்கும் ஞாபகம் இருக்கும், எழுதியவள் நீதானே, படகில் கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பும்போது நீ அவருக்கு ஒரு கிண்ணம் மீன் சூப் கொடுத்து உட்கார வைத்ததாக எழுதியிருந்தாய். இந்த வீட்டில் பிறந்த வேறு யாராக இருந்தாலும் அந்த மனிதரை டெக்கில் குப்புறத் தள்ளியிருப்பார்கள், அலாஸ்கா லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன, கடலில் யார் வந்து கேட்கப் போகிறார்கள். நீ சூப் கொடுத்தாய். அதை அவரிடம் சொன்னேன். "நல்ல சூப்பா?" என்று கேட்டார். கேப்டன் மூன்று கிண்ணம் குடித்தாராம் என்றேன்.

இனி சொல்லப் போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. மறுநாள் காலை உன் அப்பா சவரம் செய்துகொண்டு, நான் பொத்தான் போட்டு விட்ட நல்ல சட்டையோடு தெருவைக் கடந்து எதிரில் போனார். ஆமாம், லைல் ஹௌப்ட் வீட்டுக்கு. நம் தொழிலே செய்கிற சூட்டுப்பை லைல். முதுகெலும்பையும் கையையும் தவிர மூன்றாவதாக எதையாவது கிளினிக்கில் வைத்தவன் டாக்டரே இல்லை என்பது உன் அப்பாவின் மதம், வெந்நீர்ப்பையும் மின்சார அதிர்வுப் பெட்டியும் வைட்டமின் புட்டியும் லைலின் மதம். பீடத்தில் இருக்கிற கடவுளைப் பற்றி இந்த ஊரில் இவ்வளவு சண்டை நடந்ததில்லை. ஹாலோவீனுக்கு லைல் கொடுத்த மிட்டாயை உன்னைத் துப்ப வைத்தவர் உன் அப்பா. நான் விடுவேனா, பின்னாலேயே போனேன். லைல் கதவைத் திறந்து உன் அப்பாவைப் பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டா?" என்றுதான் கேட்டார். "யாரும் சாகல. நவம்பர் வரைக்கும் என் ஆளுங்களை நீ பாத்துக்கணும். என் கிளினிக்குக்கே வந்து பாரு, அவங்களுக்கு அந்தக் கட்டில்தான் பழக்கம்." லைல் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். "என் வெந்நீர்ப்பையும் கூட வரும் வெர்லின்" என்றார். உன் அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வரட்டும்" என்றார். "வைட்டமினை மட்டும் பின்வாசல் வழியா கொண்டு வா." உனக்காக உன் அப்பா செய்ததிலேயே இதுதான் பெரிது, பிரிட்டா, இதற்கு மேல் ஒருவர் செய்ய முடியாது. இப்போது லைல் வாரத்தில் பாதி நாள் இங்கே இருக்கிறார், இரண்டு கிழங்களும் காலையிலிருந்து சண்டை, எல்ராய் ஒரு நாள் வெந்நீர்ப்பையைப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், உன் அப்பா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நவம்பரில் நான் மறுபடி போகிறேன். தேறினால் சரி, இல்லாவிட்டால் அதற்கடுத்த மே இருக்கிறது, மிஸஸ் கிரீன் மாதிரி ஆட்களுக்கு இன்னொரு பக்கக் கழுத்தும் இருக்கிறது. அது என் பாடு. கேப்டனிடம் போய், அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், சமையலறையை விட்டு நகர மாட்டேன் என்று சொல். அவர் ஏற்கெனவே வேறு ஆள் பார்த்துவிட்டிருந்தால் அந்த ஆளின் சூப்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதாகச் சொல்.

கடல் உன்னைத் தாங்கட்டும், காற்று உன் பக்கமாகவே அடிக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் கைக்குப் பிடித்த வேலை என்றைக்கும் உன் கையிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு ஞாபகப்படுத்தல், இது உன் அப்பா எழுதச் சொன்னது. ஜூன் முப்பதோடு உன் அயோவா லைசென்ஸ் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் நீ துறைமுகத்தில் உட்கார்ந்து, யாருக்கும் பிடிக்காத அந்த வகுப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்து முடித்து, அப்பாவுக்காகவே அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தடவை புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன். போனா திரும்ப வாங்கறது என்ன பாடுன்னு என்னைப் பாத்தீங்கல்ல என்றேன். "பாத்தேன். அதனாலதான் சொல்றேன். இங்க கதவு தெறந்தே கெடந்தா, அவ அங்க இருந்துக்கிட்டும் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். ஆகவே மகளே, ஜூன் முப்பது வரும், போகும், நீ ஒன்றும் செய்யாதே. அன்றைக்கு என்ன மீன் கிடைத்தது என்று மட்டும் அப்பாவுக்கு எழுது.

உன் அம்மா,
மார்லிஸ்